மாநாட்டு மேடையில் இன்னொருவரின் வாழ்க்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் உளநல ஆலோசகர். இத்துறைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. ஆலோசகர்களுக்கான மாநாடு ஒன்றுக்கு நான் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் தேர்வாகியிருக்கிறது; 20 நிமிட உரை. வாழ்க்கைத் துணையை இழந்தபின் அமர்வுகளில் நெடுநாள் ஒன்றும் பேசாமலே அமர்ந்திருந்த ஒருவருடனான பணியைப் பற்றிப் பேசப்போகிறேன். அவருடைய பெயர், வயது, தொழில் மூன்றையும் மாற்றிவிட்டேன். அவரிடம் கேட்டதும் உடனே சம்மதித்துவிட்டார். இருந்தும் என் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு செய்தால் போதுமா? அனுபவம் மிக்கவர்கள் நிறைந்த அரங்கில் என் பணியைக் கிழித்துப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது என்றே நினைக்கிறேன். உங்கள் மனம் ஒப்பாமல் இருப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அச்சத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பெயர் மாற்றத்தின் வலிமை எவ்வளவு என்பதை நம் துறையின் தொடக்க வரலாறே காட்டியிருக்கிறது. 1895ல் வியன்னா மருத்துவர்களான யோசஃப் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும், ஹிஸ்டீரியா என்று அப்போது அழைக்கப்பட்ட மனநலக் கோளாறு பற்றி வெளியிட்ட நூலில் ஒரு பெண் ‘அன்னா ஓ.’ என்ற பெயரில் வருகிறார். அவருடைய உண்மைப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளுக்கும் பதிலாக, ரோமன் அகரவரிசையில் அவற்றுக்கு முந்தைய எழுத்துகளை வைத்து (B, P என்பவை A, O ஆயின) உருவாக்கிய பெயர் அது. அவர் பிற்காலத்தில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான அமைப்பை நிறுவிப் புகழ்பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம். 1936ல் அவர் இறந்தார்; 1953ல் பிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் அவருடைய பெயரை அச்சில் வெளியிட்டுவிட்டார். தன் உழைப்பால் ஈட்டிய பெயரோடு ஒரு நோயாளியின் கதையும் சேர்ந்துகொள்ளலாமா என்று அவரை யாரும் கேட்டிருக்க முடியாது.

பெயர், வயது, தொழில் என்று நீங்கள் மாற்றியவை மூன்றும் யாருக்கும் முதலில் தோன்றுபவை. ஒருவரை அறிந்தவர் அவரை அடையாளம் காண்பதோ நிகழ்ச்சிகளின் வரிசையைக் கொண்டுதான்: துணை எப்படி இறந்தார், அப்போது யார் உடனிருந்தார்கள், அதன்பின் அவர் எதை நிறுத்திவிட்டார் என்பவற்றைக் கொண்டு. அதற்காக எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது. மரணத்தை மணமுறிவாக மாற்றினால் அந்த மௌனத்தின் பொருளே வேறாகிவிடும். கேட்பவர்கள் இல்லாத ஒன்றிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு போவார்கள். ஆகவே உங்கள் வாதத்துக்குத் தேவைப்படாத விவரத்தை மாற்றுவதைவிட அடியோடு விட்டுவிடுவது மேல். பலருடைய அனுபவங்களைக் கலந்து ஒருவராக்குவதும் வழக்கத்தில் உண்டு. அப்படிச் செய்தால் அதை அரங்கில் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆலோசகர்களும் பிற ஆலோசகர்களை நாடுகிறவர்கள்தாம். நீங்கள் பேசும் அரங்கில் அவருடைய உறவினரோ, அவரை முன்பு சந்தித்த வேறோர் ஆலோசகரோ அமர்ந்திருக்கக்கூடும்.

அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பு, ஒருவரைப் பற்றிய தகவலை உரையில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த இரண்டு வழிகளை அனுமதிக்கிறது: அவர் அப்பகுதியைப் பார்வையிட்டு இசைந்திருக்க வேண்டும், அல்லது அடையாளம் புலப்படாத அளவுக்குத் தகவல் மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று போதும் என்கிறது விதி. துக்கத்தில் இருப்பவரைப் பற்றிய உரையென்றால் நான் இரண்டையும் செய்வேன்.

அவர் உடனே சம்மதித்தார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். நெடுநாள் பேச முடியாதிருந்து உங்கள் முன்னிலையில் பேசத் தொடங்கியவர் உங்களிடம் எப்படி மறுப்பார்? நன்றியும், மறுத்தால் உறவில் எதுவும் மாறிவிடுமோ என்ற கவலையும் அந்தச் சம்மதத்துக்குள் இருக்கலாம். உரையின் வடிவத்தை அவரிடம் கொடுத்து, எங்கே, யார் முன்னால் பேசப்போகிறீர்கள், உரை பதிவு செய்யப்படுமா, ஸ்லைடுகள் பிறரிடம் போய்ச்சேருமா, பேசி முடித்தபின் எதையும் திரும்பப் பெற முடியாது என்பவற்றையெல்லாம் சொல்லி, சில வாரங்கள் அவகாசம் கொடுத்து மீண்டும் கேளுங்கள். அதற்கு முன் இதை உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள். கேட்பதே உங்கள் இருவருக்கும் இடையிலான பணிக்குள் நுழைந்துவிடும் ஒரு நிகழ்வு என்பதால், அதன் பின்விளைவை அமர்வுகளில் கவனிக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

அவர் மனம் மாறி மறுத்துவிட்டாலும் உங்கள் உரை நிற்க வேண்டும். நிற்கும் என்றே எண்ணுகிறேன். ஏனெனில் அந்த அரங்குக்கு வருபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது உங்களைப் பற்றித்தான். ஒருவர் பேசாமல் அமர்ந்திருக்கும்போது ஆலோசகருக்குள் என்ன நிகழ்கிறது, எப்போது அதைக் கலைக்கத் தோன்றியது, கலைக்காமலிருக்க எதைக்கொண்டு முடிவெடுத்தீர்கள், அந்த முடிவு பிசகியிருக்க எங்கே வாய்ப்பிருந்தது ஆகியவற்றை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942ல் ஒருவருடனான எட்டு அமர்வுகளின் ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டபோது, ஆலோசகரின் மறுமொழிகளை அடிக்குறிப்புகளில் அலசி, குறைபட்ட இடங்களில் குறையென்றே எழுதினார். உங்கள் 20 நிமிடத்தில் உங்களிடம் வந்தவரின் பின்னணிக்கு இரண்டு நிமிடம் தாராளம். கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியபின் எஞ்சியதெல்லாம் உங்கள் முடிவுகளுக்கு. (ஸ்லைடில் நீண்ட பத்திகளை ஏற்றி அவற்றை வாசித்துக் காட்டுபவர்கள் எந்த மாநாட்டிலும் உண்டு, தயவுசெய்து அவர்களில் ஒருவராகிவிடாதீர்கள்.)

இனி அச்சம். அதே ரோஜர்ஸ் 1940 டிசம்பர் 11 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். துறையில் உருவாகிவந்த போக்கைத் தொகுத்துச் சொல்வதாகவே அவர் நினைத்திருந்தார். அரங்கிலோ பாராட்டும் கடுமையான எதிர்ப்பும் ஒருசேரக் கிளம்பின. தான் சொல்வதில் புதிதாக ஏதோ இருக்கிறது என்பதையே அந்த எதிர்வினையிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார். உங்கள் முடிவுகளைக் காரணங்களோடு முன்வைத்தால் அவற்றை மறுப்பவரும் காரணத்தோடு வர வேண்டியிருக்கும்; அந்த விவாதத்துக்காகத்தான் மாநாடு. நீங்கள் அஞ்ச வேண்டிய கேள்வி வேறு. “அவர் என்ன வேலை பார்க்கிறார், குழந்தைகள் உண்டா?” என்று ஒருவர் இயல்பான ஆர்வத்தோடு கேட்பார். மேடையில் பதற்றத்தோடு நிற்பவர் விடை சொல்லிவிடுவது மிக எளிது. “அதைத் தவிர்க்க விரும்புகிறேன்” என்ற விடையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

மாநாடு முடிந்தபின் வரும் அமர்வில், “என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?” என்று அவர் உங்களிடம் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் அரங்கின் பாராட்டை அவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள். அதை அறிய அவர் ஏன் விரும்புகிறார் என்பதிலிருந்து அன்றைய அமர்வைத் தொடங்குங்கள்.

அன்புடன்.