இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ்: யார் சேரலாம், யார் சேர முடியாது? (கேள்வி பதில்)

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு ஆண்டு பிளேஸ்மெண்ட் வேலை பார்த்தவள் நான். படிக்கும் பிள்ளைகளுக்கும் படித்து முடித்தவர்களுக்கும் உள்ள அரசுப் பயிற்சித் திட்டங்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி "எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்பதுதான்.

பதிலுக்குப் போகுமுன் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது நாட்ஸ். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கல்வி அமைச்சகம் நடத்தும் அப்ரண்டிஸ் பயிற்சி, அதாவது உதவித்தொகையோடு கம்பெனியில் வேலை பழகுவது. நமக்கான தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இரண்டாவது நாப்ஸ். இதுவும் அப்ரண்டிஸ் பயிற்சிதான், 2016இல் வந்தது, திறன் மேம்பாட்டு அமைச்சகத்துடையது, ஐடிஐ பிள்ளைகள் அதிகம் போவது இதில்தான். மூன்றாவது பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். பெரிய கம்பெனிகளில் பயிற்சி தருவது, 2024 அக்டோபரில் தொடங்கியது, கம்பெனி விவகார அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. இதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் தொடக்கத்தில் வந்த நெறிமுறைப்படி. சுற்றுக்குச் சுற்று அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தங்கை: பி.காம் முடித்துவிட்டேன், வயது 20. நாட்ஸில் 9,000 ரூபாய், பிரதமர் திட்டத்தில் 5,000 என்கிறார்கள். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று இரண்டிலும் சேரலாமா அக்கா?

நல்ல வேளை, சேருமுன் கேட்டாய். பிரதமர் திட்டத்துக்கு 21 முதல் 24 வயது. உனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பானேன், நாட்ஸில் ஓராண்டு போய் வரலாம் என்றுதான் தோன்றும். சிக்கலே அங்கேதான். நாட்ஸிலோ நாப்ஸிலோ பயிற்சி முடித்தவர்களைப் பிரதமர் திட்டத்தில் எடுப்பதில்லை. எந்த வருடம் முடித்திருந்தாலும் சரி, எடுக்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டில் ஒன்று. என்னைக் கேட்டால், உன் ஊருக்குப் பக்கத்தில் கணக்குப் பிரிவில் உட்கார வைக்கும் நாட்ஸ் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போ. 9,000 என்பது 2019 விதியில் பட்டதாரிக்கு இருந்த குறைந்தபட்சத் தொகை, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள், கம்பெனி கூடவும் தரலாம். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் தரமணி அலுவலகம் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதியலாம். பெரிய கம்பெனியின் பெயர்தான் வேண்டும், அதற்காக ஒரு வருடம் காத்திருப்பேன் என்றால் மட்டும் மற்றது. பி.காம் பிள்ளைகள் பலருக்கு நாட்ஸ் தங்களுக்கும் உண்டு என்பதே தெரிவதில்லை. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2014 சட்டத் திருத்தத்திலேயே வழி திறந்துவிட்டது.

சென்னை, பெயர் வேண்டாம் என்றவர்: பி.இ. 2023. ஒரு பிபிஓவில் 14 மாதம் வேலை பார்த்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வயது 23.

நாட்ஸ் உங்களுக்கு இல்லை. பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் அப்ரண்டிஸ் ஆக முடியாது. "படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைதானே, சொல்லாமல் விட்டால் என்ன?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பிஎஃப் எண் இருக்கும்போது எதை மறைப்பது?

பிரதமர் திட்டத்தில் பழைய அனுபவம் தடையில்லை. இப்போது முழுநேர வேலையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அங்கே இடம் உறுதியாகும்வரை இப்போதிருக்கும் வேலையை விடாதீர்கள் தம்பி. மாதம் 5,000, சேரும்போது ஒருமுறை 6,000. சென்னையில் அறை வாடகைக்கே அது சரியாகப் போய்விடும்.

விழுப்புரம்: என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்குப் பிரதமர் திட்டம் கிடைக்காதாமே?

கிடைக்கும். குடும்பத்தில் ஒருவர் நிரந்தர அரசு வேலையில் இருந்தால் கிடையாது என்று விதி இருப்பது உண்மைதான், ஆனால் குடும்பம் என்று அவர்கள் கணக்கில் எடுப்பது உன்னையும் பெற்றோரையும், கல்யாணமாகியிருந்தால் கணவன் அல்லது மனைவியையும்தான். உடன்பிறந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் அதே ஆட்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

தருமபுரி: அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர். கழகம் என்பது அரசு வேலையில் வராதுதானே?

வரும். மத்திய, மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாமே இந்தத் திட்டத்தின் பார்வையில் அரசு வேலைதான். அப்பா ஒப்பந்த ஊழியராக இருந்தால் விதிவிலக்கு உண்டு, நிரந்தரம் என்றால் இல்லை.

நாட்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. அப்பா வேலையையும் கேட்க மாட்டார்கள், குடும்ப வருமானத்தையும் கேட்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பா வேலை பார்க்கும் போக்குவரத்துக் கழகங்களே நாட்ஸில் பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. பெரும்பாலும் தேர்வு எழுத வேண்டியதில்லை, மதிப்பெண் வரிசைதான். அறிவிப்பில் எந்த ஆண்டு பாஸ் ஆனவர்கள் என்று போட்டிருப்பார்கள், பொதுவாகக் கடைசி ஐந்து ஆண்டுக்குள் இருக்கும். உன் சான்றிதழில் உள்ள ஆண்டை முதலில் பார்.

திருச்சியிலிருந்து இரண்டு நண்பர்கள் சேர்ந்து கேட்டது: பெரிய நிறுவனத்தில் படித்தவர்களைப் பிரதமர் திட்டத்தில் எடுப்பதில்லையாமே?

ஐஐடி, ஐஐஎம், ஐஐஐடி, ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், தேசிய சட்டப் பல்கலைக்கழகம், என்ஐடி எனப்படும் தேசிய வடிவமைப்புக் கழகம், இங்கே பட்டம் பெற்றவர்களுக்கு இல்லை. கடைசிப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். தமிழில் எழுதினால் உங்கள் ஊர் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் என்ஐடிதான், ஆனால் அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, திருச்சி ஐஐஐடியில் படித்தவருக்கு இடமில்லை, அதே ஊர் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவருக்குத் தடையில்லை. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மதுரை: எம்.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு, வயது 23.

முதுகலை முடித்தவர்களுக்குப் பிரதமர் திட்டம் இல்லை. எம்பிஏ, சிஏ, எம்பிபிஎஸ், பிடிஎஸ் எல்லோருக்கும் அதே கதிதான். தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) அடுத்து எப்போது அறிவிக்கப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 2022இல் 30 பேரை எடுத்தார்கள். இரண்டு ஆண்டுக் காலம், 22 முதல் 30 வயது, கலை அறிவியல் படித்தவர்களுக்கு முதுகலையில் முதல் வகுப்பு வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும். போட்டி கடுமை. ஆனால் உங்களுக்குப் பொருந்துகிறது.

சேலம்: மூன்றாம் ஆண்டு பி.டெக். இப்போதே எதிலாவது சேரலாமா மேடம்?

முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களைப் பிரதமர் திட்டம் எடுக்காது. அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படித்தால் விண்ணப்பிக்கலாம். நாட்ஸ் பட்டம் வாங்கிய பிறகு. இப்போதைக்கு ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் இன்டர்ன்ஷிப் தளத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, விடுமுறையில் ஆறேழு வாரம் எங்காவது போய் வா.

ஒரே ஒரு எச்சரிக்கை. "5,000 கட்டுங்கள், வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப், சான்றிதழ் நிச்சயம்" என்று வரும் வாட்ஸாப் செய்திக்குப் பணம் கட்டாதே. வேலை பார்க்கிறவனே காசு கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? நேர்காணலில் அந்தச் சான்றிதழை யாரும் திரும்பிக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை.

ஓசூர்: ஒரு தனியார் கம்பெனியில் "டிரெய்னி" என்று எடுக்கிறார்கள். ஓராண்டு, 12,000 ரூபாய். கையெழுத்துப் போடலாமா?

போடுமுன் தாளை முழுக்கப் படியுங்கள். எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். ஒரு வருடம் உழைத்தாள். வெளியே வந்து பிரதமர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, கம்பெனி அவளை நாட்ஸ் தளத்தில் அப்ரண்டிஸாகப் பதிந்திருக்கிறது என்று. அவள் கையெழுத்து ஒப்பந்தத்தில் இருந்தது, படித்துப் பார்க்கவில்லை. என் அறையில் உட்கார்ந்து அழுதாள். நானும் சேரும்போது அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஒரு உறுத்தல் உண்டு.

கம்பெனி செய்தது சட்டவிரோதம் இல்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் தங்கள் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், அந்தக் கணக்கை இப்படித்தான் நிரப்புகிறார்கள். தாளில் "தொழிற்பழகுநர் ஒப்பந்தம்" என்ற சொல்லோ ஒப்பந்தப் பதிவு எண்ணோ இருந்தால் அது அப்ரண்டிஸ். அப்போது நீங்கள் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். பிஎஃப் பிடித்தம் இருக்காது, முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. அது தெரிந்தும் சம்மதம் என்றால் தாராளமாகப் போடுங்கள், 12,000 மோசமில்லை.

ராணிப்பேட்டை: ஐடிஐ ஃபிட்டர். எனக்கு எது?

நாப்ஸ்தான். ரயில்வேயில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்தால் விடாதே. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை மாதிரி இடங்களில் பயிற்சி முடித்துத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், இருந்தாலும் வரிசை சின்னது.

ஈரோடு: ஒரு அரியர் பாக்கி. நாட்ஸ்?

முடித்துவிட்டு வா கண்ணு. தற்காலிகப் பட்டச் சான்றிதழாவது கையில் வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்குப் பிரதமர் திட்டத்தில் குஜராத்தில் இடம் வந்திருக்கிறது. அனுப்பலாமா? வேண்டாம் என்றால் பிறகு வராதா?

உங்களைப் போலத் தயங்கியவர்கள்தான் அதிகம் அம்மா. முதல் சுற்றில் 6.21 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன, 82,000 இடங்கள் வழங்கப்பட்டன. கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். தூரம், பன்னிரண்டு மாதக் காலம், பிடித்த வேலை அமையாதது என்று காரணம் சொன்னார்கள். 5,000 ரூபாயில் வெளிமாநிலத்தில் சாப்பிட்டுத் தங்குவது எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி தங்க இடம் தருகிறதா, பெண்பிள்ளைகள் வேறு யாராவது சேர்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் நான் அனுப்புவேன். இல்லை என்றால், விண்ணப்பத்திலேயே மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது, அடுத்த சுற்றில் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி, ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் காஞ்சிபுரம் என்று போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, கோவையிலிருந்து: வயது 28, பி.எஸ்சி. வேதியியல். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு வேலை பார்க்க இந்தியர்களுக்குக் குலுக்கல் இருக்கிறதாமே? ஏஜெண்ட் 40,000 கேட்கிறார்.

இருக்கிறது. இந்திய இளம் தொழில்முறையாளர் விசா, 2023இல் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடம், 18 முதல் 30 வயது, இளங்கலைப் பட்டமாவது வேண்டும். உங்கள் பொறுப்பில் பதினெட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கக் கூடாது. முன்பே வேலை தேடி வைத்திருக்க வேண்டியதில்லை, அதுதான் இதன் அழகு. ஆனால் 2,530 பவுண்டு, கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய், 28 நாள் தொடர்ந்து உங்கள் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் தனி, மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. வாழ்நாளில் ஒரே முறைதான், நீட்டிக்கவும் முடியாது.

குலுக்கலில் பெயர் கொடுக்க ஒரு பைசா கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் அரசின் தளத்தில் இரண்டு நாள் திறந்திருக்கும், பாஸ்போர்ட் விவரமும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தால் பத்து நிமிட வேலை. அந்த 40,000 ரூபாயை உங்கள் 2,530 பவுண்டுக் கணக்கில் போட்டு வையுங்கள்.