விந்தாலுவில் ஆலூ இல்லை: கேட்டதும் சொன்னதும்

கோவா சமையல் பற்றிப் பேச்சு வந்ததும் ஆளுக்கொரு கேள்வியாக அனுப்பிவிட்டீர்கள், அதுவும் முக்கால்வாசி விந்தாலு பற்றி, அதாவது இறைச்சியை வினிகரிலும் மசாலாவிலும் ஊறவைத்துச் செய்கிற அந்த ஊர்ப் பதார்த்தம் பற்றி. கோவாவின் மட்காவ் ஊரில் ஒரு சமையலறையில் ஆறு வருஷம் வெங்காயம் உரித்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கே: ஹோட்டலில் விந்தாலு கேட்டேன், பாதிக்குப் பாதி உருளைக்கிழங்கு. பேரிலேயே ஆலூ இருக்கிறதே, அதனால்தானா?

அந்த ஹோட்டல்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பேர் வந்தது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து. இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்துச் செய்கிற பண்டத்துக்கு அங்கே 'கார்ன டி விஞ்ஞா தாலியுஷ்' என்று பேர். அதில் 'ஆலியு' என்றால் பூண்டு. கொங்கணி வாயில் நுழைந்து தேய்ந்து விந்தாலு ஆகிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள், கோவாவில் உருளைக்கிழங்கை யாரும் ஆலூ என்று சொல்வதில்லை, படாட்டா என்பார்கள், அதுவும் போர்ச்சுக்கீசியச் சொல்தான். ஆலூ என்ற சொல்லே புழங்காத ஊரில் ஆலூவை வைத்து எப்படிப் பேர் வைத்திருப்பார்கள்?

கே: மிளகாயும் போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்ததா? நம்ப முடியவில்லை.

ஆமாம். மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார், 1510இல் போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே கோவாவைப் பிடித்தார், மிளகாய் இந்தப் பக்கம் பரவியதெல்லாம் அதற்கப்புறம்தான். அதுவரை காரம் என்றால் நமக்கு மிளகுதான். சங்கப் பாடல்களில் 'கறி' என்றாலே மிளகு! புதுசாக வந்த காய் மிளகு மாதிரி உறைத்ததால் மிளகாய் என்று பேர் வைத்துக்கொண்டோம், பிறகு மிளகையே ரசத்துக்கும் பொங்கலுக்கும் ஒதுக்கிவிட்டோம்.

கே: ஒயினுக்குப் பதில் வினிகர் எப்படி வந்தது? கடையில் விற்கும் வெள்ளை வினிகர் போதுமா?

கப்பலில் மாசக்கணக்கில் வருகிறவனுக்கு இறைச்சி கெடாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் ஒயினும் பூண்டும். கோவாவில் திராட்சை ஒயினுக்கு எங்கே போவது? தென்னை மரம்தான் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. கள்ளைப் புளிக்கவிட்டால் வினிகர், நம் பழைய சொல்லில் காடி. (இலங்கைத் தமிழர்கள் இதை வினாகிரி என்கிறார்கள், அதுவும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது.) கள்ளு வினிகரில் லேசான இனிப்பும் ஒரு மணமும் உண்டு. கடை வெள்ளை வினிகர் வெறும் புளிப்பு, மூக்கில் ஏறும். வேறு வழியில்லை என்றால் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிட்டிகை வெல்லம் சேருங்கள். புளி மட்டும் வேண்டாம், அது வேறு குழம்பாகிவிடும்.

கே: லண்டனில் சாப்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோவாவில் அவ்வளவு காரம் இல்லையே?

1799இல் கோவாவுக்குள் வந்த பிரிட்டிஷ் படை 1813 வரை அங்கே இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கோவா சமையல்காரர்களைப் பிடித்துப்போயிற்று, மாட்டையும் பன்றியையும் தொடத் தயங்காதவர்கள் என்பதும் ஒரு காரணம். பதார்த்தம் வெள்ளைக்காரர்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அங்கே கறி ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்து வங்காளிகள். ஒரே அடிக்குழம்பை வைத்துக்கொண்டு மிளகாயைக் கூட்டிக் கூட்டிப் பேர் மாற்றினார்கள்: கொஞ்சம் காரம் 'மெட்ராஸ்', அதற்கு மேல் 'விந்தாலு'. மெட்ராஸில் யாருக்கும் தெரியாத மெட்ராஸ் கறி! விந்தாலுவின் உயிர் புளிப்பில் இருக்கிறது, காரம் அதற்குத் துணை. என்னைக் கேட்டால் அது குழம்பு ஜாதியே இல்லை, ஊறுகாய்க்கு அண்ணன்.

கே: கோழியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கோழி சீக்கிரம் வெந்துவிடும், ஊறியதன் ருசி முழுசாக வராது. கொழுப்புள்ள ஆட்டுக்கறி தேவலை.

கே: மசாலா எப்படி அரைக்க வேண்டும்?

நான் இருந்த இடத்தில் ஒரு பாட்டி அரைப்பார். விதை நீக்கிய காஷ்மீரி மிளகாயை வினிகரிலேயே ஊறப்போட்டு, பூண்டு, இஞ்சி, சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்து அம்மியில் வைப்பார். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைக்கவே விடமாட்டார், இறுகினால் இன்னும் ரெண்டு சொட்டு வினிகர்தான். விழுது நெற்றிக் குங்குமம் மாதிரி சிவந்து, விரலில் தேய்த்தால் நெருடாமல் இருக்க வேண்டும். அதைக் கறியில் பிசறி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் மண்சட்டியில் சிறு தீயில் வேகவிடுவார். தேங்காய், தக்காளி கிடையாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, வினிகர் அதை அரிக்கும். தொட்டுக்கொள்ள சன்னா, அதாவது கள்ளு ஊற்றிப் புளிக்கவைத்த அரிசி மாவில் அவிப்பது, பார்த்தால் நம் இட்லிதான் என்பீர்கள்.

கே: இன்றைக்கு ராத்திரி விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போது ஆரம்பித்தால் முடியுமா?

முடியாது. இன்றைக்கு ஊறவைத்து நாளை சமைத்தாலும் அது நாளன்றைக்குத்தான் ருசிக்கும். அவர்களுக்கு மிளகு ரசமும் முட்டைப் பொரியலும் வைத்து அனுப்புங்கள், விந்தாலுவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடலாம்.