ஓடாத வண்டிக்கு எதற்கு சர்வீஸ்?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். 2019 மாடல் பெட்ரோல் கார். ஸ்டேஷன் வரைக்கும், பிள்ளையை டியூஷனில் விட, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, அவ்வளவுதான் ஓட்டம், வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டாது. கடைசி சர்வீஸ் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஓடாத வண்டிக்கு எதற்கு சர்வீஸ் என்கிறார் அப்பா. சர்வீஸ் சென்டரிலோ இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிரீட்மென்ட் என்று சேர்த்து 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போடுகிறார்கள். நடுவில் இரண்டு தடவை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்: அப்பா சொல்வதும் சரியில்லை, அந்த எஸ்டிமேட்டும் சரியில்லை. கொஞ்சமாக ஓடுகிற வண்டிக்குச் செலவு குறைவுதான், ஆனால் கவனம் அதிகம் வேண்டும். மேனுவலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதில் ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். நாம் எல்லோரும் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம்.

ஒரு வருஷம் என்று ஏன் போடுகிறார்கள்? இன்ஜினும் ஆயிலும் நன்றாகச் சூடாவதற்குப் பத்து இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால், பெட்ரோல் எரியும்போது உண்டாகிற ஈரமும் சரியாக எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும். தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், உங்கள் வண்டியில் அதற்கு வழியே இல்லை. அதனால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மேனுவலில் போட்டிருக்கிற கிரேடு எதுவோ அதுதான், அதைவிடக் கெட்டியாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மாதம் ஒரு தடவை, ஆயில் அளவு காட்டுகிற குச்சியான டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். சமமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிஷம் விட்டு, குச்சியை உருவிப் பழைய துணியில் துடைத்து, திரும்ப முழுக்கச் செருகி எடுத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கறுப்பாக இருப்பது பெரிய விஷயமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீரோ, இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இனி காலையில் ஸ்டார்ட் ஆகாத விஷயம். செல்ஃப் ஒரு தடவை இழுக்கிற கரண்ட்டைத் திரும்ப ஏற்றிக்கொள்ள உங்கள் இரண்டு கிலோமீட்டர் போதாது, அதோடு வண்டி சும்மா நின்றாலும் அலாரம், லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிசு. வண்டியோடு வந்த பேட்டரியே இன்னும் இருக்கிறதென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். நடுவில் மாற்றியிருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுத் திரும்ப டெஸ்ட் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிற மெக்கானிக் இன்னமும் இருக்கிறார், அவரைக் கிட்டேயே விடாதீர்கள், இந்தக் காலத்து வண்டியில் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ போய்விடலாம்.

போர்ட்டிகோவில் நிறுத்தியே பத்து நிமிஷம் ஓடவிடுவது பலர் செய்கிற காரியம். அதில் பேட்டரிக்கும் பெரிதாக ஏறாது, ஆயிலில் ஈரமும் சேரும், பெட்ரோலும் தண்டம். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலைச் சிங்கப்பெருமாள் கோயிலாக மாற்றிக்கொள்ளுங்கள், போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும், நரசிம்மரையும் பார்த்த மாதிரி ஆச்சு.

டயரில்தான் உங்களைப் போன்றவர்கள் ஏமாறுகிறார்கள். தரையில் படுகிற பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷா வருஷம் பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ உள்பக்கம் வரை காட்டுங்கள், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு நிறைய இருந்தாலோ எங்காவது புடைத்திருந்தாலோ பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஸ்டெப்னிக்கும் வயசாகும். காற்றை டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் சூடாகாதபோது அடியுங்கள். டயர் மேலே போட்டிருக்கிற எண் அது தாங்கக்கூடிய அதிகபட்சம், அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. மூடியே திறக்காவிட்டாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். தாம்பரத்துக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. லீவுக்கு ஏற்காடு போய் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது கொதித்து, பெடல் ‘பொதக்’கென்று உள்ளே போகும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், நீங்கள் மாற்றியதாகவே தெரியவில்லை.

கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகு டேங்கில் பாருங்கள். குறைந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அந்த 16,000-க்கு வருவோம். காலத்தில் ஆயில் மாற்றுகிற வண்டிக்கு, இன்ஜினை உள்ளே கழுவுகிற இன்ஜின் ஃப்ளஷ் தேவையில்லை, உங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தாலும் புது ஆயிலே போதும். மிஸ்ஸிங் (இன்ஜின் திக்கித் திக்கி ஓடுவது), இழுவைக் குறைவு எதுவும் இல்லாதபோது இன்ஜெக்டர் கிளீனிங்கும் வீண். ஏசி டிரீட்மென்ட்டுக்குப் பதில், உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரை வாங்கி நீங்களே போடலாம். நிறைய கார்களில் டேஷ்போர்டு கிளவ் பாக்ஸை இறக்கினால் பின்னால் இருக்கும், திருப்புளி கூடத் தேவைப்படாது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ மட்டும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேர்செய்வது.

ஜாப் கார்டில் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரி டெஸ்ட், ஏர் ஃபில்டர் பார்த்துத் தேவையென்றால், இவ்வளவு மட்டும் எழுதச் சொல்லுங்கள். கீழே ‘கேட்காமல் வேறு எதுவும் செய்ய வேண்டாம்’ என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், கழற்றிய பழைய ஃபில்டர்களை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள்.