நோயாளி குளியலறைக்கு சோப் டிஸ்பென்சர்: பன்னிரண்டு வேண்டாம், நான்கு போதும்

கேள்வி: மன்னார்குடியில் 30 படுக்கை கொண்ட மருத்துவமனை எங்களுடையது. குளியலறைகளைப் புதுப்பிக்கிறோம். அறைகளோடு சேர்ந்தவை எட்டு, பொது வார்டில் நான்கு. பன்னிரண்டிலும் திரவ சோப் டிஸ்பென்சர் மாட்ட நினைக்கிறோம். 5 லிட்டர் கேன் வாங்கி ஊற்றிக்கொண்டால் மலிவு என்கிறார் கடைக்காரர். சென்சார் வகையையும் காட்டினார். எதை வாங்குவது, எந்த உயரத்தில் மாட்டுவது? ஆபரேஷனுக்கு முந்தைய குளியலுக்கான கிருமிநாசினித் திரவமான குளோர்ஹெக்சிடினையும் அதிலேயே ஊற்றி வைக்கலாமா?

பதில்: கேன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். உயரத்தில் தப்பு நடந்தால் ஒரு டைல் வீணாகும், அவ்வளவுதான். இதில் தப்பு நடந்தால் தையல் போட்ட நோயாளிக்குத் தொற்று வரலாம்.

திரவ சோப்பு கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும் பொருள் அல்ல. அது கெடாமல் இருப்பது அதில் கலந்திருக்கும் பதப்படுத்தியால். பாதி காலியான டப்பாவில் மேலே மேலே புது சோப்பை ஊற்றினால் அடியில் இருக்கும் பழைய சோப்பு வெளியே வருவதே இல்லை. ஈரமான சுவரோரத்தில் சூடோமோனாஸ், செரேஷியா, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்துவிடும். அப்புறம் வெந்நீர் விட்டு அலசினாலும் அந்தப் படலம் முழுசாகப் போகாது. அமெரிக்காவில் ஒரு பள்ளியில் செய்து 2011இல் வெளியான ஆய்வில், இப்படிக் கெட்டுப்போன டிஸ்பென்சர் சோப்பால் கை கழுவியவர்களின் கையில் அந்த வகை பாக்டீரியா கழுவுவதற்கு முன் இருந்ததைவிட 26 மடங்கு கூடியிருந்தது. அவர்கள் நல்ல உடம்போடு இருந்தவர்கள். உங்களிடம் வருபவர்கள் சிசேரியன் ஆனவர்கள், சர்க்கரைப் புண் உள்ளவர்கள்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக வேலை பார்த்த ஓர் இடத்தில், சோப்பு ஏன் இவ்வளவு நீர்க்க வருகிறது என்று ஆயாவைக் கேட்டேன். "கெட்டியா இருந்துச்சு சிஸ்டர், அமுக்குனா வரல. கொஞ்சம் பைப்புத் தண்ணி விட்டேன்" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. வீட்டில் ஷாம்பு தீரும்போது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தண்ணீர் கலந்த அந்த நிமிடமே பதப்படுத்தியின் வலு குறைந்துவிடுகிறது, போர் தண்ணீரில் இருக்கும் கிருமியும் உள்ளே போகிறது. அந்த ஆயாவுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

பாதி காலியான டிஸ்பென்சரில் சோப்பு சேர்க்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கை சுகாதார வழிகாட்டியும் சொல்கிறது. அது கை கழுவும் சோப்பைப் பற்றியது. காரணம் ஒன்றே என்பதால் குளியல் சோப்புக்கும் நான் அதையே பின்பற்றுவேன். ஆகவே வாங்குவதானால் மூடிய பவுச் வகையை வாங்குங்கள். பவுச் தீர்ந்தால் வாய்க்குழாயோடு கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிற மாதிரி இருக்க வேண்டும். சில கம்பெனிகளில் பவுச் மட்டும் மாறும், பம்பு பழையதாகவே நிற்கும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பவுச் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எப்போது கேட்டாலும் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். கிடைக்காத மாதம் வந்தால், காலியான பவுச்சைக் கத்தரித்து கேனிலிருந்து ஊற்றத் தொடங்குவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

எத்தனை வேண்டும்? என் கணக்கில் நான்கு. ஒரே நோயாளி தங்கும் அறைக்கு டிஸ்பென்சர் தேவையே இல்லை. அட்மிஷன் போடும்போது ஓட்டல் அளவு சின்னக் கட்டி சோப்பு ஒன்றும், தண்ணீர் வடிகிற மாதிரி ஓட்டை போட்ட சோப்புப் பெட்டி ஒன்றும் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது சோப்பை அவரே எடுத்துப் போகட்டும், அல்லது குப்பைக்குப் போகட்டும். எப்படியும் பாதிப் பேர் வீட்டிலிருந்து மஞ்சள் பையில் சொந்த சோப்போடுதான் வருவார்கள். கூடவே இருக்கும் அத்தையும் சித்தியும் அதில்தான் குளிப்பார்கள். பலர் பயன்படுத்தும் வார்டுக் குளியலறையின் கதை வேறு. அங்கே ஒருவர் விட்டுப்போன கட்டி சோப்பை அடுத்தவர் எடுப்பார். அந்த நான்கு இடத்துக்கு மட்டும் டிஸ்பென்சர் நியாயம்.

ஒரு குளியலுக்கு ஏறக்குறைய 10 மில்லி என்று வையுங்கள். 800 மில்லி பவுச் 80 குளியலுக்கு வரும். ஒரு வார்டுக் குளியலறையில் தினமும் எட்டுப் பேர் குளித்தால் பத்து நாள். மாட்டிய தேதியைப் பவுச் மேல் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். நான்கு நாளில் தீர்ந்தால் யாரோ பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள், ஒரு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால் பம்பு அடைத்திருக்கிறது.

சென்சார் வகை குளியலறைக்கு வேண்டாம். தண்ணீர் தெறித்தாலே சோப்பைக் கக்கும். பாட்டரி தீர்ந்த விஷயத்தை யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

கையால் அழுத்தும் வகையிலும் ஒரு சோதனை உண்டு. இடது கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சோப்பு எடுத்துப் பாருங்கள். உங்கள் நோயாளிகளில் பலருக்கு ஒரு கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) இருக்கும், அதை நனைக்கக் கூடாது. ஒரு கையால் அமுக்கி மறு கையால் ஏந்துகிற மாடல் அவர்களுக்கு உதவாது. கீழே அகலமான பட்டை இருந்து, உள்ளங்கை அடிப்பகுதியால் தள்ளும்போதே சோப்பு விரல்களில் விழுகிற வகையாகப் பாருங்கள்.

உயரத்துக்கு வருவோம். பிளம்பர்கள் நின்றுகொண்டு அளந்து நாலரை அடியில் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஷவர் இருந்தாலும் நம் பக்கத்து நோயாளிகளில் பலர் குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியும் மக்கும் வைத்துக்கொண்டுதான். ஆபரேஷன் ஆனவர்களை நாமே உட்கார்ந்து குளிக்கச் சொல்கிறோம். அதனால் ஸ்டூலை அதன் இடத்தில் போட்டு, ஒருவரை உட்கார வைத்து, முதுகு வளையாமல் கை எட்டும் இடத்தைக் குறியுங்கள். தரையிலிருந்து மூன்று, மூன்றேகால் அடியில் வரும். நிற்பவருக்கும் அது சிரமம் இல்லை. ஷவர் தண்ணீர் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். சொட்டும் சோப்பு கால் வைக்கும் பாதையில் விழாமல், வடிகால் பக்கமாக விழ வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தப் பழியும் உங்கள் தலையில்தான்.

ஒட்டும் டேப் ஈரத்தில் நிற்காது, துளை போட்டுத்தான் ஆக வேண்டும். தடுமாறுகிறவர் கைக்கு எட்டியதைப் பிடிப்பார். ஆகவே பக்கத்தில் கைப்பிடிக் கம்பி கட்டாயம் இருக்கட்டும், டிஸ்பென்சரை அதன் அருகில், அதை மறைக்காமல் மாட்டுங்கள். டைல்ஸ் பிட் கொண்டு துளைத்து, துளைக்குள் சிலிக்கான் நிரப்பிய பிறகு பிளக்கை இறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டைலுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி அடுத்த அறைச் சுவரில் ஓதம் தெரியும். திருகு துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், டிஸ்பென்சர் உடம்பு பிளாஸ்டிக்கே போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றில் மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிஸ்பென்சரும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கடைசிக் கேள்விக்கு பதில்: ஊற்றி வைக்காதீர்கள். சாதாரண சோப்பின் நுரைப் பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்துவிடும், அந்த டப்பாவில் மிச்சம் இருந்தாலே போதும். அது கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாத மருந்து. பொதுக் குளியலறைச் சுவரில் தொங்கினால் யாராவது குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிவிடுவார்கள். அது பட்ட துணியைக் குளோரின் பிளீச்சில் போட்டால் பழுப்புக் கறையும் விழும். சர்ஜன் எழுதியவருக்கு மட்டும் நர்ஸ் கையால் அளந்து கொடுக்கட்டும். எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. அறுவைக்கு முந்தைய குளியலுக்குச் சாதாரண சோப்போ கிருமிநாசினி சோப்போ எதுவும் சரி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது.

நான்கையும் ஒரே நாளில் மாட்டிவிட வேண்டாம். பெண்கள் வார்டில் ஒன்றை மாட்டி, ஒரு பவுச் தீரும்வரை பாருங்கள். அந்தப் பவுச்சை மாற்றப் போகும் ஆயாவையே ஓட்டை போடும் அன்றைக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள், எந்தப் பக்கம் மூடி திறக்க வசதி என்பதை அவர் சொல்லட்டும்.