ஹாப்ஸுக்கு முன்னால் பீரில் என்ன போட்டார்கள்?

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. அப்பா தென்னை ஏறிக் கள் இறக்கியவர். நான் பீர் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷம் ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்தியவன். காட்டுச் செடியும் பழமும் சேர்த்துக் காய்ச்சும் ஏல் என்ற பழைய பீர் வகைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணா, பீர் என்றாலே ஹாப்ஸ்தானே? அது இல்லாமல் எப்படி? (வண்ணாமடையிலிருந்து ஒரு தம்பி)

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்புத் தரும் ஒரு கொடியின் பூ. அது பின்னால் வந்து இடம் பிடித்தது, தம்பி. அதற்கு முன் மேற்கு ஐரோப்பாவில் க்ரூட் என்ற மூலிகைக் கலவையைப் போட்டார்கள். சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்வீட் கேல், ‘யாரோ’ (yarrow) என்ற செடி எல்லாம் அதில் இருக்கும். பல ஊர்களில் அதை விற்கும் உரிமை பிரபுக்கள் கையிலோ திருச்சபை கையிலோ இருந்தது. கிட்டத்தட்ட வரி மாதிரி. ஹாப்ஸ் ஜெயித்ததற்கு ருசியை விடப் பெரிய காரணம், பீர் சீக்கிரம் புளிக்காது. அதன் கசப்பு அமிலங்கள் புளிக்க வைக்கும் பாக்டீரியாவை அடக்கிவிடும். 1516இல் பவேரியாவில் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் என்றது. ஈஸ்ட் பேச்சே இல்லை. அது ஓர் உயிர் என்று அப்போது தெரியாது.

பீரில் எந்தச் செடியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது நொதிப்பைப் பிடித்து நிறுத்துகிறதா, தள்ளி ஓட்டுகிறதா? வாசனை அப்புறம்.

நம்ம பக்கம் அப்படி ஏதாவது உண்டா? (வேலந்தாவளத்திலிருந்து ஒரு அக்கா)

உண்டு. பதநீருக்குக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அது பிரேக். இலங்கையில் அதே வேலைக்கு ஹால் என்ற மரத்தின் பட்டையைப் போடுவார்கள். தள்ளி ஓட்டுகிற பக்கத்துக்கு உங்கள் வீட்டு அரிஷ்டக் குப்பியே சாட்சி. கஷாயத்தில் வெல்லத்தைக் கரைத்து, காட்டாத்திப் பூவைப் போட்டு மூடி வைப்பார்கள். மலையாளத்தில் தாதிரிப்பூவு. அந்தப் பூவோடு வரும் ஈஸ்ட்டும் சேர்ந்துதான் வெல்லத்தைச் சாராயமாக்குகிறது. ஆயுசில் மதுவையே தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுக்குப் பின் அரிஷ்டம் குடிக்கும் பாட்டிகளை நான் திருத்தப் போவதில்லை.

எங்கள் அப்பா எதையும் போட மாட்டார். ஆனால் கலயத்தைத் தேய்த்துக் கழுவவும் விட மாட்டார். அடியில் ஒரு விரல் அளவு பழைய மண்டி இருக்கும். ஒருநாள் நான் நல்ல பிள்ளையாகச் சாம்பல் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்தேன். முதுகில் ஒன்று வைத்தார். ஏன் என்று ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவருடைய ஈஸ்ட் பண்ணையை நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

சங்க இலக்கியத்தில் அரிசிக் கள் இருக்கிறதே, அது பீர்தானா? (கோபாலபுரம் பக்கத்துத் தமிழாசிரியர்)

ஆமாம் ஐயா, என் கணக்கில் பீர்தான். தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைத்தால் அது பீர் குடும்பம். பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது: அரிசியைக் குழையக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, ‘நல்லடை’யைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். ‘அடை’ என்றதும் எனக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்து ஹண்டியாதான் ஞாபகம் வரும். அங்கே காட்டு வேர், பட்டைகளை அரிசி மாவோடு இடித்து ராணு என்ற சின்ன உருண்டைகளாகக் காய வைத்திருப்பார்கள். சோற்றில் அதை உதிர்த்துப் போட்டால் வேலை ஆரம்பம். அசாமில் திமாசா மக்களின் ஜூதிமாவுக்குத் தெம்ப்ரா என்ற முட்செடியின் பட்டை. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஃபின்லாந்தில் சாஹ்தி என்ற நாட்டு பீர் குடித்தேன். வாழைப்பழ வாசம் அடித்தது. பழம் போடுவார்களா? (ஹெல்சின்கியில் இருக்கும் சித்தூர்க்காரர்)

இல்லைங்க. அது ரொட்டி ஈஸ்ட் விடும் வாசம். சாஹ்தியில் போடுவது ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளை. குடைந்த மரத்தொட்டியில் கிளையைப் பரப்பி, மேலே மால்ட் (முளைகட்டிக் காய வைத்த தானியம்) கூழை ஊற்றுவார்கள். கிளையே வடிகட்டி, கிளையே வாசனை. பல வீடுகளில் வடித்ததைக் கொதிக்க வைப்பதில்லை. ஹாப்ஸும் கொஞ்சம்தான், இல்லாமலும் இருக்கும். அதனால் நம்ம கள் மாதிரியே சீக்கிரம் கெட்டுப்போகும். அங்கே ரொட்டி ஈஸ்ட் பீருக்குப் போகிறது, இங்கே கள் அப்ப மாவுக்கு வருகிறது.

டாஸ்மாக் பீரில் என்ன செடி இருக்கிறது?

ஹாப்ஸ். எங்கள் ஆலைக்குப் பச்சைக் குச்சிகளாக வரும். பார்த்தால் மாட்டுத் தீவனம்.

வீட்டில் நாவல் பழம் நிறைய. பீரில் போட்டுப் பார்க்கலாமா? பழம் போட்டால் மெத்தனால் வந்து கண் போய்விடும் என்கிறார்களே? (கொழிஞ்சாம்பாறை, பெயர் வேண்டாம் என்றார்)

முதலில் சட்டம். கேரளாவிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அதனால் ‘எப்படி’ என்று சொல்லித் தர மாட்டேன்.

பழ பீருக்குப் பேர்போனது பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் குளிர்காலத்தில் காய்ச்சிய கூழ்நீரை அகலமான தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் இறங்கும். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும். அது லாம்பிக். அதில் புளிப்புச் செர்ரியைப் போட்டு ஊற வைத்தால் க்ரீக். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடுவதால் மிஞ்சுவது நிறம், புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. இனிப்பு இருக்காது. நாவல் பழத்தில் துவர்ப்பு தூக்கலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மெத்தனால் விஷயம்: பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளிலிருந்து துளி மெத்தனால் வரும், உண்மை. புளித்த பழச்சாற்றில் இருக்கும் அந்த அளவு கண்ணைப் பறிக்காது. 2024இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது பழத்தால் அல்ல, மெத்தனால் கலந்த சாராயத்தால். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கள்ளை பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகலாமா? (பொள்ளாச்சியிலிருந்து வருகிற ஒருவர்)

எல்லை தாண்டாதீர்கள். உங்கள் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கேயே குடித்துவிட்டுப் போங்கள், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

பாட்டில் சங்கதி வேறு. கள் புளிக்கப் புளிக்க வாயு விடும். அப்ப மாவுக்கு வேண்டுமென்று வேலந்தாவளத்து அத்தை கேட்டாள் என்று, கல்லூரிக் காலத்தில் ஒரு பாட்டிலை மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்து பஸ் ஏறினேன். சித்திரை வெயில். பாதி வழியில் டமார். கண்டக்டரின் டிக்கெட் கட்டு, முன் சீட்டுக்காரர் வேட்டி, என் நோட்டுப் புத்தகம் எல்லாம் கள் வாசம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மிச்ச தூரம் நடந்தேன். அத்தை அன்றைக்கு மாவில் சோடா உப்பைத்தான் போட்டாள்.