அப்பாவுக்குக் கேன்சர்: வேலையை விடலாமா, வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் 4 வருடமாக வேலை. சம்பளம் 19,000 ரூபாய், இஎஸ்ஐ, பிஎஃப் பிடித்தம் உண்டு. பெயின்டராக இருந்த அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், இப்போது வருமானம் இல்லை. மூணு வட்டிக்கு 2 லட்சம் வாங்கித் தனியாரில் சேர்த்துவிட்டு, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேலையை விடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, வேலையை மட்டும் விடாதீர்கள். அப்பாவின் சிகிச்சைக்கான காப்பீடே அந்த வேலையில்தான் இருக்கிறது. மாதம் 140 ரூபாய் சொச்சம் இஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்களே, அது உங்கள் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மட்டும் இல்லை. மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான், அதில் புற்றுநோய் சிகிச்சையும் வரும். வேலையை விட்டால் கொஞ்ச மாதத்தில் இதுவும் போய்விடும்.

முதலில் கம்பெனி அலுவலகத்தில் கேட்டு, இஎஸ்ஐ அட்டையில் அப்பா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆதாரைக் கொடுத்து உடனே சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்கு பயாப்ஸி ரிப்போர்ட்டோடு போங்கள். அங்கிருந்து இஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள், அங்கே வசதி இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்தப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாரில் சேர்த்துவிட்டு, பிறகு பில்லைக் கொண்டுபோய்ப் பணம் கேட்டால் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். அலைச்சல் இருக்கும்தான், கோபம்கூட வரும். ஆனால் 2 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும், உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அசல் அப்படியே நிற்கும்!

போக்குவரத்து, சாப்பாடு, சத்துணவுக்குக் கையில் பணம் வேண்டும், அதற்கு பிஎஃப்பில் மருத்துவ முன்பணம் கேளுங்கள், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதுவும் போதாவிட்டால் வங்கியில் நகைக்கடன். ரயிலில் போனால் இரண்டாம் வகுப்பில் அப்பாவுக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட இருப்பது பற்றி: கீமோ என்றால் பெரும்பாலும் சில வாரத்துக்கு ஒருமுறைதான், அந்த நாட்களுக்கு மட்டும் லீவு போடலாம். ரேடியேஷன்தான் சிரமம், வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரம் போகும். டாக்டரிடம் தேதிகளை எழுதி வாங்கி, அம்மா, சித்தப்பா, அக்கா யார் எந்த நாள் என்று இப்போதே பேசிவிடுங்கள். சூப்பர்வைசரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், ஷிஃப்ட் மாற்றிக் கேளுங்கள்.