விதியை மாற்றும் விதி யார் கையில்? – கேள்வி பதில்

உலக அரசியல் பற்றி நம் வடசென்னைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தியவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: மிஸ், ஐ.நா.வில் எல்லா நாடும் சமம்னு படிச்சேன். அப்புறம் எப்படி ஒரே நாடு வேணாம்னா தீர்மானம் விழுந்துடுது?

நீ படித்தது பொதுச்சபைக்குப் பொருந்தும் கண்ணு. அங்கே 193 நாட்டுக்கும் ஆளுக்கொரு ஓட்டு. ஆனால் அதன் தீர்மானங்கள் பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துகிற அதிகாரம் 15 நாடுகள் உட்காரும் பாதுகாப்பு சபையிடம். அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும் நிரந்தர இடம், வீட்டோ. அதாவது ஐவரில் ஒருவர் வேண்டாம் என்றாலே தீர்மானம் விழுந்துவிடும். 1945-ல் போரில் ஜெயித்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி காலனி. இன்று 54 நாடுகள் ஆன பின்பும் அந்தக் கண்டத்துக்கு நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை. மாற்றலாமே என்பாய். ஐ.நா. சாசனத்தைத் திருத்தவும் அந்த ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும் என்று சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த அமைப்பைப் பற்றிப் படித்தாலும் முதலில் இதைத் தேடு: விதியை மாற்றும் விதி யார் கையில் இருக்கிறது?

மின்ட், கடைக்காரர்: இலங்கை கடன்ல மாட்டினப்போ ஐ.எம்.எஃப். சொன்னதைத்தான் கேட்கணும்னாங்க. அங்கே யார் சொல்றது நடக்கும்?

ஐ.எம்.எஃப். என்பது நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியம். அங்கே பணம் போட்ட அளவுக்கு ஓட்டு. அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம், இந்தியாவுக்கு 3 சதவீதம்கூட இல்லை. பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும், அதனால் அமெரிக்கா ஒன்றே தடுத்துவிடலாம்.

வியாசர்பாடி, கன்டெய்னர் லாரி டிரைவர்: டீச்சரம்மா, இதெல்லாம் தெரிஞ்சு நமக்கு இன்னா ஆவப்போவுது?

தம்பி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கதையே சொல்கிறேன். பெரம்பூரில் பி அண்டு சி மில் என்ற துணி ஆலையின் தொழிலாளர்களை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடுத்த வருஷம் வாஷிங்டனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு. அது போட்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதன் 10-வது பிரிவைத் திறந்து பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி! அடுத்த பிரிவில் சீனாவுக்கும் பாரசீகத்துக்கும் (இன்றைய ஈரான்) சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) அந்த வரம்புகூடக் கிடையாது. தட்பவெப்பம், தொழில் வளர்ச்சி போதாமை என்ற காரணங்களை, முதல் உலகப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் உடன்படிக்கை முன்பே தயாராக வைத்திருந்தது. பஞ்சுத் தூசி எந்த ஊரிலும் ஒன்றுதானே? நம் சட்டத்தில் 1922-ல் 60, 1934-ல் 54, 1946-ல்தான் 48. அந்த இடைவெளியில் பெரம்பூர்க்காரன் உழைத்த கூடுதல் மணிகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே மில்லின் 1921 வேலைநிறுத்தம் சாதியால் பிளந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வல்லரசிடம் கேட்கிற கேள்வியை நம் தெருவிலும் கேட்டாக வேண்டும்.

ராயபுரம், கப்பல் ஊழியரின் மனைவி: அக்கா, வீட்டுக்காரருக்கு மூணு மாசமா சம்பளம் வரலை. கப்பல் பனாமா கொடி, ஓனர் எந்த நாடுன்னே தெரியலை. யாரைக் கேட்கிறது?

துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் பின்பக்கத்தைப் பாரும்மா. பெயருக்குக் கீழே பனாமா, மன்ரோவியா (லைபீரியா), மஜுரோ (மார்ஷல் தீவுகள்) என்று பதிவு செய்த ஊரை எழுதியிருக்கும். அந்த ஊரைக் கப்பல் கண்ணால் பார்த்திருக்கக்கூட வேண்டியதில்லை. வரியும் சட்டமும் தளர்வான இடத்தில் பதிவு, பல சமயம் ஒரு கப்பலுக்கென்றே ஒரு பெயரளவு கம்பெனி. கப்பலுக்கும் கொடிக்கும் உண்மையான தொடர்பு வேண்டும் என்று 1982-ன் ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. கேட்டுக் கண்டிக்கத்தான் ஆளில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு பிடி இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2017-ல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, முதலாளி கைகழுவி இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டால் ஊழியர் ‘கைவிடப்பட்டவர்’ என்று கணக்கு. நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கிக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் நிதி உத்தரவாதச் சான்றிதழ் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பனாமாவும் அதை ஏற்ற நாடு. அதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பச் சொல். பணம் தர வேண்டியவர் பெயரும் தொடர்பும் அதிலேயே இருக்கும். வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டு சேர்த்து மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், ஐ.டி.எஃப். என்கிற சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் புகார் அனுப்பு. கணக்கு தீர்ந்தது என்று எழுதிய எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். உத்தரவாதம் நான்கு மாதத்துக்குத்தான், மூன்று ஓடிவிட்டது. தள்ளிப்போடாதே.